நாலு நிமிஷ ஜன்னல்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டுக்காரியும் சுகம். அம்மாவும் சுகம்தான், வலது முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டா முறைச்சுக்குது. உன் முதுகுவலி எப்படி இருக்கு? அத்தானுக்கு இருமல் நின்னுச்சா?

எனக்கு ஆபீஸ்ல புது மேசை கொடுத்திருக்காங்க. என்ன வேலைன்னு கேட்டா சிரிப்பே. அரசாங்கம் ஒருத்தரை ஒரு படிவம் நிரப்பச் சொன்னா, அதுக்கு எத்தனை நிமிஷம் ஆகும்னு அந்தப் படிவத்திலேயே அச்சடிக்கணும். அது சட்டம். அந்த நிமிஷத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. வீட்டுலயும் அதே புத்தியாப் போச்சு. அம்மா பல் தேய்க்க ஆறு நிமிஷம்னு சொல்லித் திட்டு வாங்கினேன்.

இப்போ என் மேசையில இருக்கிறது உங்க படிவம். ரயில் பயணிகள் பெட்டியோட அவசர ஜன்னல் சோதனை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஜன்னலை இழுத்துக் கழட்டி, திரும்ப மாட்டி, எழுதிக் கையெழுத்துப் போடணுமில்லையா, அது. ஒரு ஜன்னலுக்குச் சோதனையும் எழுத்து வேலையும் சேர்த்து எவ்வளவு நேரம் ஆகுது? பெட்டிகளைப் பழுது பார்க்கிற பத்து ஷெட்டுக்குக் கேட்டு எழுதியிருக்கேன். உன் ஷெட்டுல கையெழுத்துப் போடுறது நீதானே. போன்ல கேட்டா சிரிச்சே மழுப்பிடுவே, போதாததுக்கு அம்மா வேற பக்கத்துல காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. எழுதிக் குடு. எனக்கும் ஃபைல்ல வைக்க ஒரு தாள் வேணும்.

உன் பதிலை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கும்,
தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம். அத்தானுக்கு இருமல் நின்னு இப்போ தும்மல். என் முதுகு, பெட்டிக்கு அடியில குனியற வரைக்கும் நல்லாத்தான் இருக்கு.

அரசாங்கம் உனக்கு நல்ல வேலைதான் கொடுத்திருக்கு போ. சின்ன வயசுல நான் தலை பின்ன எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கடிகாரத்தோட நின்னவன்தானே நீ. இங்கே நம்ம ஃபிட்டர் ரேடியோ இருக்கானே (நாள் முழுக்க வாயே திறக்க மாட்டான், அதான் அந்தப் பேரு), அவன்கிட்ட உன் கேள்வியைச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துட்டு ஸ்பானரை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

உன் கேள்விக்குப் பதில்: நாலு நிமிஷம். ஃபைல்ல வச்சுக்கோ.

குழாய்ல தண்ணி பழுப்பா வருது. அத்தான் புகார் எழுதுறேன்னு மூணு வாரமா பேனா தேடுறார்.

ஏப்ரல்ல அம்மா இங்கே வர்றப்போ ஏழாம் பெட்டியில மட்டும் டிக்கெட் போடாதே. அதுல விசிறி கடகடன்னு சத்தம் போடும், அம்மாவுக்குத் தலைவலி வந்துடும்.

உடம்பைப் பார்த்துக்கோ.
அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தான் தும்மலுக்கு ஆவி பிடிக்கச் சொன்னாங்க அம்மா.

நாலு நிமிஷம்னு எழுதியிருக்கே. தப்பா நினைக்காதே, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். படிவத்தோட பின்பக்கம் செய்முறை அச்சடிச்சிருக்கு: சிவப்புக் கைப்பிடியை இழு, ரப்பர் பட்டை கழன்று வரும், கண்ணாடியைத் தள்ளி இறக்கு, ரப்பர் கிழிஞ்சிருக்கான்னு பார், திரும்ப மாட்டு. இதெல்லாம் நாலு நிமிஷத்துலயா? ஞாயித்துக்கிழமை நம்ம பாத்ரூம் ஜன்னலைக் கழட்டி மாட்டிப் பார்த்தேன். நாப்பது நிமிஷம் ஆச்சு, விரல்ல ரத்தம் வேற. எனக்குக் கை வேலை வராது, ஒத்துக்கிறேன். அதுக்காக நாப்பது எங்கே, நாலு எங்கே?

ஒருவேளை எழுதற நேரத்தை மட்டும் சொல்லிட்டியா? இழுத்துப் பார்க்கிற நேரமும் சேர்த்துச் சொல்லு. மத்த ஒன்பது ஷெட்டுல ஏழு பேர் பதிலே போடலை, ரெண்டு பேர் 'முன்பு போலவே'ன்னு ஒரு வரி எழுதியிருக்காங்க. முன்பு எப்படின்னு யாருக்கும் தெரியலை. ஆக, கையில இருக்கிறது உன் நாலு ஒண்ணுதான். மார்ச் பத்துக்குள்ள மேலதிகாரிக்குக் கொடுத்தாகணும். உடனே எழுது.

தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

பதில் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. ஷெட்டுல வேலை தலைக்கு மேல. குழாய்த் தண்ணி இப்போ தெளிஞ்சிடுச்சு, அத்தான் தன்னோட புகாராலதான்னு சொல்லிக்கிட்டுத் திரியறார். புகாரை அனுப்பவே இல்லைங்கிறது வேற கதை.

நாலுன்னா நாலுதான். நீ ஏன் போலீஸ்காரன் மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கிறே? நான் பத்தொன்பது வருஷமா இந்த ஷெட்டுல இருக்கேன், நீ பாத்ரூம் ஜன்னலோட மல்லுக்கட்டிட்டு எனக்குக் கணக்குச் சொல்றே. விரல்ல மருந்து போட்டியா?

அம்மா டிக்கெட் எடுத்தாச்சா? விசிறி விஷயம் மறந்துடாதே.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் ஆறிடுச்சு. வீட்டுக்காரி பாத்ரூம் ஜன்னலை இனிமே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டா.

பத்தாம் தேதி வரைக்கும் உன் கடிதம் வரலை. அதனால நாலுன்னே எழுதிக் கொடுத்துட்டேன். எங்க மேலதிகாரி மூணாம் மாடியிலேர்ந்து இறங்கி என் மேசைக்கே வந்து, 'பதினைஞ்சாவது இருக்கும்னு பயந்தேன்யா'ன்னு சொல்லிட்டுப் போனார். ஏப்ரல் ஒண்ணாம் தேதி அறிவிப்பு வெளியாகுது. அதுலேர்ந்து அறுபது நாள், மே முப்பது வரைக்கும், பொதுமக்கள் யார் வேணும்னாலும் இந்த நிமிஷம் சரியில்லைன்னு எழுதலாம். யாரும் எழுத மாட்டாங்க, எழுதினதே கிடையாது. அப்புறம் நாலுதான் நிரந்தரம். அதை வச்சுத்தான் எல்லா ஷெட்டுக்கும் ஆளும் வேலை நேரமும் ஒதுக்குவாங்க. ஒரு ஜன்னலுக்கு நாலு நிமிஷம், அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது. நாடு முழுக்க உன் நம்பர் தொங்கப் போகுது, பார்த்துக்கோ.

அம்மாவுக்கு ஏப்ரல் ஒன்பதுக்கு டிக்கெட் கிடைச்சது. ஏழாம் பெட்டியிலதான் ஜன்னல் சீட் இருந்தது. விசிறின்னு சொன்னேன், 'காதுல பஞ்சு வச்சுக்கிறேன், எனக்கு ஜன்னல்தான் வேணும்'னுட்டாங்க. உங்க சிவப்புக் கைப்பிடிக்குப் பக்கத்துலயே சீட்டாம், பெருமையா இருக்காங்க.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

இதை உன் ஆபீஸ் முகவரிக்குப் போடுறேன், அம்மா கையில சிக்கக் கூடாது.

பெட்டியை மாத்து. வேற பெட்டி இல்லைன்னா டிக்கெட்டை ரத்து பண்ணு. நேத்து போன் பண்ணினேன், அம்மாதான் எடுத்தாங்க. விசிறி சத்தம்னு மறுபடியும் சொன்னேன். சிரிச்சிட்டு வச்சுட்டாங்க. வேற எதுவும் சொல்ல எனக்கு வாய் வரலை.

காரணம் கேட்காதே. உடனே மாத்து.

அக்கா


ஏப்ரல் 12

சின்னவனுக்கு அம்மா எழுதுவது.

பத்திரமா வந்து சேர்ந்தேன். முட்டி பரவாயில்லை. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

விசிறியில ஒரு சத்தமும் இல்லை. உன் அக்கா எதுக்கு அப்படி அடிச்சுக்கிட்டான்னு தெரியலை. ஆனா வேற ஒண்ணு நடந்தது, பயப்படாமப் படி. ரெண்டாவது ஸ்டேஷன் தாண்டினதும் கருகின வாடை அடிச்சது, அப்புறம் சீட்டுக்கு அடியிலேர்ந்து புகை. வண்டி நின்னுடுச்சு. பிரேக் ஒட்டிக்கிச்சுன்னு பிற்பாடு சொன்னாங்க. எல்லாரும் கதவுப் பக்கம் நெருக்கியடிச்சு ஓடினாங்க. எனக்குத்தான் ஓட வராதே, உட்கார்ந்த இடத்துலயே இருந்தேன். எதிர் சீட்டுல ஒரு டீச்சரம்மா. ஜன்னல் மேல எழுதியிருக்கிறதைச் சத்தமாப் படிச்சாங்க, பாடம் நடத்துற மாதிரி. சிவப்புக் கைப்பிடியை இழுக்கவும்னு போட்டிருந்தது. இழுத்தேன். கைப்பிடி மட்டும் தனியா என் கையோட வந்துடுச்சு. ஜன்னல் அசையலை. டீச்சரம்மா தன் கையால ரப்பரைப் பிடிச்சு இழுத்தாங்க, நகம் பேர்ந்ததுதான் மிச்சம். ரப்பர் மேலயே பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான் எவனோ.

அப்புறம் அந்தம்மாவே என்னைத் தூக்காத குறையா கதவுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. அதுக்குள்ள கண்ணு தெரியலை, மூச்சு இழுத்துது. பத்து நிமிஷத்துல புகை அடங்கிடுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. இருமல் மட்டும் இருக்கு, உன் அத்தானுக்குப் போட்டியா.

கைப்பிடியை யார்கிட்ட கொடுக்கிறதுன்னு தெரியலை. அரசாங்கச் சொத்து, போட்டுட்டு வர மனசு வரலை. பையில வச்சு எடுத்துக்கிட்டு வந்து, உன் ஷெட்டுதுதானே, திருப்பிக் கொடுத்துடுன்னு பெரியவகிட்ட கொடுத்தேன். கையில வாங்கிக்கிட்டு எந்தப் பக்க ஜன்னல்னு கேட்டா. இடது பக்கம், மூணாவதுன்னேன். அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. மூணு நாளா சரியாச் சாப்பிடலை. உனக்கு ஏதாவது தெரிஞ்சா எழுது.

அம்மா


ஏப்ரல் 16

அக்கா,

அம்மா இருமல் எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினியா? முதல்ல அதை எழுது.

உன் ரெண்டாம் தேதிக் கடிதம் என் கைக்கு வந்தது பத்தாம் தேதி. அம்மா கிளம்பின மறுநாள். அறிவிப்பு வெளியான நேரம்கிறதால, தபால் பிரிவுல உன் கவரைப் பிரிச்சு, 'ஷெட்டிலிருந்து வந்தது'ன்னு பார்த்துட்டு, 'பொதுமக்கள் கருத்து, எண் 1'னு முத்திரை குத்தித் தட்டுல போட்டுட்டாங்க. ரெண்டு நாள் அது என் முதுகுக்குப் பின்னாலயே இருந்திருக்கு. பெட்டியை மாத்து, காரணம் கேட்காதே. அதைப் படிச்சப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. அப்புறம் அம்மா கடிதம் வந்தது.

காரணம் நான் கேட்கலை. படிவம் எல்லாம் எங்க கட்டடத்துலதான் இருக்கு, கீழ இறங்கிப் போனா ஏழாம் பெட்டிப் படிவத்தை எடுத்துப் பார்க்கலாம். போகலை. யார் கையெழுத்து இருக்கும்னு எனக்குத் தெரியும்.

அந்த நாலை நானா மாத்த முடியாது. வெளியிலேர்ந்து ஒருத்தர் பேரும் பதவியும் போட்டு, இது தப்பு, காரணம் இதுன்னு எழுதினாத்தான் மாத்துவாங்க. அப்படி எழுதுறவங்களை வேலையில வச்சிருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷ வேலை. நீ எழுதாதேன்னு சொல்லத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். அம்மா கையோட வந்த கைப்பிடி ஞாபகம் வருது, எழுத வரலை. எழுதுன்னு சொல்லவும் வரலை. எனக்குப் பயமா இருக்கு அக்கா.

மே முப்பது கடைசி நாள்.

தம்பி


மே 25

அனுப்புநர்: பெட்டி ஆய்வு மேற்பார்வையாளர், பயணிகள் பெட்டி ஷெட்
பெறுநர்: படிவங்கள் பிரிவு

ஐயா,

வணக்கம். அவசர ஜன்னல் சோதனைப் படிவத்தை நிரப்ப நான்கு நிமிடம் ஆகும் என்று தாங்கள் ஏப்ரல் 1 அன்று வெளியிட்ட அறிவிப்பு தவறானது. அந்த நான்கு நிமிடத்தை எழுதிக் கொடுத்தவள் நானே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சோதனையின்போது ஒரு ஜன்னலின் ரப்பர் பட்டை கிழிந்தது. புதுப் பட்டை வர ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெட்டி ஓடாமல் நின்றது. ஏன் கழற்றினாய் என்று கேட்டார்களே தவிர, ஏன் பட்டை வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் ஜன்னலை யாரும் இழுப்பதில்லை. பழைய படிவத்தைப் பார்த்துப் புதியதை எழுதுவோம். அதற்குத்தான் நான்கு நிமிடம். போன வருடம் ஏழாம் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது அதன் கைப்பிடிகளும் பட்டைகளும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. அதன் பிறகும் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெட்டிக்கு மட்டும் மூன்று ஆண்டுகளில் இப்படி ஆறு கையெழுத்து. கடைசிக் கையெழுத்தின்போது அது திறக்காது என்று எனக்குத் தெரியும்.

இம்மாதம் 16, 17 தேதிகளில் நானும் எங்கள் ஃபிட்டரும் அந்தப் பெட்டியின் எட்டு அவசர ஜன்னல்களையும் செய்முறைப்படி சோதித்தோம். மூன்று திறக்கவில்லை. திறந்தவற்றில் ஒரு ஜன்னலுக்குச் சராசரியாக முப்பத்து மூன்று நிமிடம் ஆயிற்று. ஃபிட்டர் பொதுவாகப் பேசாதவர். அன்று, 'இதை எழுதிடுங்கம்மா' என்றார். இதில் அவருக்குப் பொறுப்பு ஏதும் இல்லை, கையெழுத்து என்னுடையது.

படிவத்தில் முப்பத்து மூன்று நிமிடம் என்று அச்சடிக்க வேண்டுகிறேன். ஷெட்டில் மாற்றுப் பட்டை இருப்பு எவ்வளவு என்றும் அதில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பட்டை இல்லாமல் நிமிடத்தை மட்டும் கூட்டினால் மறுபடியும் யாரும் இழுக்க மாட்டார்கள்.

இக்கருத்தை எழுத ஆன நேரத்தைக் குறிப்பிடும்படி தங்கள் அறிவிப்பின் கீழே கேட்டிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு நாள்.

இணைப்பு: சிவப்புக் கைப்பிடி ஒன்று. ஏழாம் பெட்டி, இடது பக்கம், மூன்றாம் ஜன்னல். புகை வந்த அன்று இதை இழுத்தவர் என் தாயார்.

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்


ஜூன் 6

அம்மையீர்,

தங்கள் கருத்தும் இணைப்பும் மே 29 அன்று பெறப்பட்டு, எண் 2 ஆகப் பதிவு செய்யப்பட்டன. விதிப்படி பரிசீலிக்கப்படும்.

படிவங்கள் பிரிவு

அக்கா, மேலே இருக்கிறது ஆபீஸ் கடிதம். கீழே இருக்கிறது நான்.

முத்திரையை நான்தான் குத்தினேன், பாதி மை வெளியில. நாடு முழுக்க வந்தது ரெண்டே கருத்து, ரெண்டும் உன்னுது. எண் ஒண்ணு சொந்தக் கடிதம்னு எழுதி எடுத்துட்டேன். எண் ரெண்டோட என் வாக்குமூலத்தையும் சேர்த்து வச்சேன்: எழுதினவங்க என் அக்கா, நாலு நிமிஷம் பொய்யா இருக்கும்னு எனக்கு அப்பவே தோணிச்சு, பாத்ரூம் ஜன்னலுக்கே நாப்பது நிமிஷம் ஆச்சு, அப்படியும் எழுதிக் கொடுத்தேன். நீ மட்டும் தனியா நிக்கிறதைப் பார்த்துக்கிட்டு நான் மேசையில உட்கார்ந்திருக்க முடியாது.

மேலதிகாரி கைப்பிடியைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'உங்க அம்மா எப்படி இருக்காங்க?'ன்னு மட்டும் கேட்டார். என்னைப் பழைய ஃபைல் அறைக்கு மாத்திட்டாங்க. அங்கே நிமிஷம் எண்ண ஒண்ணுமில்லை. நம்பரை முப்பத்து மூணுன்னு மாத்தச் சொல்லி மேலே போயிருக்கு, முடிவாகலை. உன்மேல விசாரணை வரும்னும் காதுல விழுது. அங்கே என்ன ஆச்சுன்னு உடனே எழுது. இந்தத் தடவை தாமதம் பண்ணாதே.

தம்பி


ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

நாங்க மூணு பேரும் நலம். அம்மா இருமல் சுத்தமாப் போயிடுச்சு, டாக்டர் நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னுட்டார்.

போன மாசம் பதினெட்டுலேர்ந்து நான் வீட்டுல இருக்கேன். விசாரணை முடியற வரைக்கும் ஷெட்டுப் பக்கம் போகக்கூடாதுன்னு உத்தரவு. வர்ற இருபத்து ரெண்டாம் தேதி கூப்பிட்டிருக்காங்க. வேலை இருக்குமா போகுமான்னு யாரும் சொல்லலை. பயமாத்தான் இருக்கு, உன்கிட்ட மறைக்கிறதுக்கு இனி என்ன இருக்கு? காலையில எழுந்ததும் கை தானா சாவிக்கொத்தைத் தேடுது. சும்மா இருக்க முடியாம சமையலறை டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டிட்டேன். அத்தான் என்னைப் பார்த்தாலே வாசலுக்குப் போயிடறார்.

அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். முழுசாக் கேட்டாங்க. திட்டுவாங்கன்னு இருந்தேன். 'என்னை ஏத்தாதேன்னு சொன்னியே, மத்தவங்களை?'ன்னு கேட்டாங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு நாள் என்னோட பேசலை. மூணாம் நாள் தட்டுல சாப்பாடு போட்டு என் முன்னால வச்சாங்க.

நேத்து ரேடியோ வீட்டுக்கு வந்தான். உள்ளே வரலை, வாசப்படியிலேயே நின்னு, 'வந்துடுச்சும்மா'ன்னான். ரப்பர் பட்டை, ஒரு லாரி நிறைய. ஒரு வாரமா எல்லாப் பெட்டியிலயும் ஜன்னலைக் கழட்டறாங்களாம். பக்கத்துல ஒரு ஆள் கடிகாரத்தோட உட்கார்ந்து எழுதறானாம், உன்னை மாதிரியே. ஏழாம் பெட்டியை ரேடியோவே தன் கையால முடிச்சிருக்கான். எட்டு ஜன்னலும் கழண்டுச்சு, எட்டும் மாட்டியாச்சுன்னான். அவன் வாயிலேர்ந்து இத்தனை வார்த்தை ஒரே நாள்ல வந்து நான் பார்த்ததில்லை.

அம்மா பத்தொன்பதாம் தேதி உன்கிட்ட கிளம்பறாங்க. டிக்கெட்டை நீ அங்கிருந்தே எடுத்துடு. ஏழாம் பெட்டி, இடது பக்கம், மூணாவது ஜன்னல்.

அக்கா